ஐயா விட்டவை

எங்கள் ஐயா சாமியாராகப் போகிறார் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தால் வீட்டுக்கு ஓடவேண்டும் போலிருக்கும். வீட்டுக்கு வந்தால் ஐயா எங்கே நிற்கிறார் என்று பார்த்த பிறகுதான் புத்தகப் பையை இறக்கி வைப்பேன். தோட்டத்தில் என்றால் தோட்டம்வரை போய், அவர் வெங்காயப் பாத்திக்குள் நிற்பதைக் கண்ணால் கண்டுவிட்டுத் திரும்புவேன். "என்னடி பார்க்கிறாய்?" என்று கேட்பார். "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பெரிய ஆசைகள் எதுவும் இருந்ததில்லை. மத்தியானம் மீன்குழம்பு வேண்டும். சாப்பிட்ட கையோடு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்து சுருட்டுப் பற்றவைக்க வேண்டும். அந்த நேரம் ரேடியோவை யாரும் தொடக்கூடாது. தொட்டால் ஏச்சு விழும். ஐயாவின் வாய் எங்கள் ஊர் கோப்பாய் முழுக்க அறிந்த வாய். தோட்டத்தில் நின்று ஏசினால் ஒழுங்கையால் போகிறவர்கள் தங்களைத்தானோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டில் அண்ணை வீட்டைவிட்டுப் போனான். ரியூசனுக்கு என்று சைக்கிளில் போனவன். பின்னேரம் முன்பின் தெரியாத ஒரு பெடியன் அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வேலியோடு சாத்தினான். "தேடாதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அண்ணை ஆயுதம் எடுக்க இயக்கத்துக்குப் போய்விட்டான் என்பது பெரியவர்களுக்கு அந்த ஒரு சொல்லிலேயே விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை. அண்ணை தூர இடத்துக்குப் படிக்கப் போயிருக்கிறான் என்று அம்மா சொன்னார். நான் நம்பினேன். மாம்பழத்தில் எனக்குப் பெரிய பங்கு கிடைத்ததில் சந்தோஷமும் பட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் அண்ணையின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் போக ஐயா மீன், இறைச்சி என்று மச்சம் தின்பதையே விட்டார். பிறகு சுருட்டை விட்டார். ரேடியோவைத் தூக்கிக்கொண்டுபோய் மாமி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்றார். கட்டிலை விட்டுச் சீமெந்து நிலத்தில் படுத்தார். ஒவ்வொன்றை விடும்போதும் சாமி அறைக்குள் போய்க் கற்பூரம் கொளுத்திக் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுப்பார். கடைசியில் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு, கொதிக்கிற தார் றோட்டால் வெறுங்காலோடு சந்தைக்குப் போனார்.

"ஐயா ஏனம்மா எல்லாத்தையும் விடுறார்?"

"அது பற்றறுக்கிறது. நீ பேசாமல் போய்ப் படி."

சமய பாடத்தில் ரீச்சரிடம் பற்று என்றால் என்ன என்று கேட்டேன். ரீச்சருக்கு என்மேல் நல்ல விருப்பம் வந்துவிட்டது. ஞானிகள் முதலில் பொருட்களை விடுவார்கள், பிறகு வீட்டை விடுவார்கள், பிறகு மனைவி மக்களையும் விட்டுவிட்டுத் தெய்வத்திடம் போவார்கள் என்று மிகவும் ஆசையாக விளக்கினார். நான் வீட்டில் இருப்பதை எண்ணிப் பார்த்தேன். செருப்புக்குப் பிறகு எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தது ஆடு, அம்மா, நான்.

ஒரேயொரு ஆறுதல் அண்ணையின் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயா அதை முற்றத்துக்கு எடுத்து, எண்ணெய்த் துணியால் கம்பி கம்பியாகத் துடைத்து, இரண்டு சில்லுக்கும் காற்றடித்து வைப்பார். ஒருவரும் ஓடாத சைக்கிள். சாமியாருக்குச் சைக்கிள் எதற்கு? அதை விடாத மனிதர் எங்களையும் விடமாட்டார் என்று என் சின்ன மூளைக்கு ஒரு கணக்கு. நாள்தோறும் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பேன். கல்லுப்போல இருக்கும். அன்றைய பொழுது நிம்மதியாகப் போகும்.

அந்த நிம்மதியையும் ஊர்ச்சனம் கெடுத்தது. எங்கள் பக்கத்தில் சாமி என்றால் ஏசவேண்டும். இனிமையாகக் கதைக்கிற சாமியை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. எவ்வளவு தூஷணமாக ஏசுகிறாரோ அவ்வளவு பெரிய சித்தர். ஐயாவோ பிறந்ததிலிருந்து ஏசிக்கொண்டிருப்பவர். இப்போது வெறுங்காலும் சேர்ந்துவிட்டது. ஒருநாள் மண்வெட்டி இரவல் கேட்டு வந்த பக்கத்து வளவுக்காரரை, "போ, போய் முதலிலை உன்ரை கிணத்தைப் பார்!" என்று ஐயா கலைத்துவிட்டார். அந்தக் கிணற்றுக்குக் கட்டு இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவர் திரும்பிப் போன நேரம் பார்த்து அவருடைய கன்றுக்குட்டி கிணற்றுக்குள் விழுந்து கிடந்தது. ஆட்களைக் கூப்பிட்டு உயிரோடு தூக்கிவிட்டார்கள். மறுநாள் காலையில் எங்கள் வேலிப் படலையில் பத்துப்பேர் நின்றார்கள்.

"விசரே உங்களுக்கு? என்னட்டை என்ன கிடக்கெண்டு வந்து நிக்கிறியள்? திரும்பிப் போங்கோ!" என்று ஐயா கத்தினார்.

"பாத்தியளே, தன்னட்டை ஒண்டுமில்லையெண்டுறார். எவ்வளவு பெரிய சொல்!" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஓயவில்லை. வெளிநாட்டுப் பயணம் சரிவருமா, மகளுக்குக் கலியாணம் ஒப்பேறுமா, காணாமற்போன மாடு கிடைக்குமா என்று வந்துகொண்டேயிருந்தார்கள். ஐயா தோட்டத்துக்குள் போய் ஒளிந்தால் தோட்டத்துக்கே போனார்கள். வாங்கிக்கட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு திரும்பினார்கள். அம்மா முற்றத்தைக் கூட்டிக் கூட்டிக் களைத்துப்போனார். நான் ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். ஐயாவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் இவர்கள் வருகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஒருநாள் உச்சி வெயிலில் ஒரு பெண் வந்தாள். தெல்லிப்பழைப் பக்கமாம், பஸ்ஸில் வந்திருந்தாள். முற்றத்தில் இருந்தவர்கள், "ஏசினால் பயப்பிடாதேங்கோ, ஏசினால்தான் நல்லது" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் ஐயாவுக்கு முன்னால் மண்ணில் இருந்தாள்.

"சாமி, என்ரை மோன் செத்துப்போனானெண்டு இயக்கப் பெடியள் வந்து சொல்லிப்போட்டுப் போட்டாங்கள். உடம்பைக் காட்டேல்லை. அது பொய்யெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

ஐயா ஏசப்போகிறார் என்று நான் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஏசவில்லை. படியால் இறங்கி, அவளுக்கு முன்னால் குந்தினார். அவ்வளவு மெதுவாக அவர் கதைத்து நான் கேட்டதேயில்லை.

"பிள்ளை, அவன் திரும்பி வரவேணுமெண்டு நேர்ந்து நீ என்னத்தை விட்டனி?"

"மச்சம் விட்டன் சாமி. வெத்திலை விட்டன். பாயிலை படுக்கிறதை விட்டன்." அவள் மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "உப்பை விட்டன். உப்பில்லாத சோறுதான் இவ்வளவு நாளும் திண்டன்."

"உப்பையுமோ?"

"ஓம் சாமி."

ஐயா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவர்கள், "நீ என்னத்தை விட்டனி" என்ற அந்தப் பெரிய உபதேசத்தைத் தங்களுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஐயா எழும்பினார். "எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை. நான் சாமியில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அம்மாதான் அவளைக் கையில் பிடித்துக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பின்னேரம் ஐயா என்னைக் கூப்பிட்டார். "மோளே, மாமியின்ரை வீட்டை போய் ரேடியோவை வாங்கிக்கொண்டு வா. வரேக்கை கடையிலை சுருட்டும் வாங்கு."

நான் கால் நிலத்தில் படாமல் ஓடினேன். அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்துக்கொண்டு போய்ச் சுருட்டுக்கு நெருப்புக் கொடுத்ததும் நான்தான். ஐயா புகையை இழுத்துக் கண்ணை மூடினார். எனக்கு அந்தப் புகை மணம் கோயில் மணம்போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா குசினி வாசலில் நின்று, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. ஐயா எங்களிடம் திரும்பி வந்திருக்கிறார், இதற்குப் போய் யாராவது அழுவார்களா?

சுருட்டும் கையுமாக இருக்கிறவரைப் பார்த்துவிட்டுச் சனம் மெல்ல மெல்லக் கழன்றது. ஞாயிற்றுக்கிழமை, குருநகரிலிருந்து சைக்கிளில் வருகிற மீன்காரரை ஐயாவே மறித்து விளைமீன் வாங்கினார். விலைக்கு ஏசியும் வாங்கினார்.

குசினியில் மீன் பொரிகிற மணம் வந்துகொண்டிருந்தது. நான் பழக்கதோஷத்தில் சைக்கிளடிக்குப் போய் ரயரை அமத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போனது. ஞாயிறாகியும் காற்றடிக்கும் பம்பு மூலையிலேயே கிடந்தது. ஐயா மறந்துபோனார் என்று நினைத்து, சொல்லலாமென்று விறாந்தைக்கு ஓடினேன். அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். காலில் செருப்பு இருந்தது. எங்கள் பழைய ஐயா. இனி எங்கேயும் போகமாட்டார் என்ற சந்தோஷத்தில், சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குசினிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் முதற் பொரியலைக் கேட்டேன்.