ஜபருல்லாவின் பேரில் இருந்த இணையதளம்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஜபருல்லாவுக்குப் பெயர்ப்பலகைக் கடை. நாசி கண்டார் சோற்றுக் கடையோ துணிக்கடையோ, யார் புதிதாகத் திறந்தாலும் பலகைக்கு அவரிடம்தான் வருவார்கள். காலம் மாறியதும் பலகையோடு இணையதளமும் வேண்டும் என்றார்கள். மகள் நஜ்வா சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, இணையப் பெயர் பதிந்து கொடுப்பதையும் தொழிலில் சேர்த்துக்கொண்டார்.

பதியும்போது உரிமையாளர் பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி எண் எல்லாம் கேட்கும். அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? கார் அண்ணன் பேரில், கைப்பேசி மச்சான் பேரில், கடை லைசென்ஸ் மனைவி பேரில் என்று வாழ்கிற ஊர் இது.

"உங்க பேர்லயே போட்டுடுங்க பாய், பிறகு மாத்திக்கலாம் லா" என்பார்கள்.

அந்தப் பிறகு வந்ததே இல்லை. சாலையில் பாதிக் கடைகளின் இணையதளங்கள், சிம்பாங் அம்பாட்டில் இருந்த அவருடைய வீட்டு விலாசத்தில்தான் குடியிருந்தன. உள்ளூர அவருக்கு அதில் பெருமை. பதிந்தவரின் விவரத்தை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், அதை மறைக்க வசதி இருக்கிறது என்று நஜ்வா ஒருமுறை சொன்னாள். விலாசத்தை ஒளிக்கிறவன் என்ன வியாபாரி என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார்.

ஹஸ்ருல் என்ற இளைஞனும் அப்படித்தான் வந்தான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றான். சலாம் சொன்ன விதத்திலேயே ஜபருல்லாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பலகை வேண்டாம், இணையதளம் மட்டும் போதும் என்று அவன் சொன்னது அப்போது உறுத்தவில்லை.

சில மாதம் கழித்து ஒரு பெண் அவர் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர் லோகேஸ்வரி, மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை. அவளுடைய மகன் தர்வின் அந்த இணையதளத்தைப் பார்த்துத் தாய்லாந்துக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன். எல்லை தாண்டி எங்கோ அடைத்து வைத்து அடிக்கிறார்கள் என்று ஒரே ஒரு முறை பேசினான். அதன் பிறகு போன் இல்லை. ஏஜென்சி எண்ணும் செத்துப்போனது. கூட வேலை செய்யும் ஒருத்தி இணையத்தில் தேடி, தளத்தின் சொந்தக்காரர் இவர்தான் என்று எடுத்துக் கொடுத்திருந்தாள்.

ஜபருல்லா நடந்ததைச் சொன்னார். தன்னிடம் இருந்த ஹஸ்ருலின் எண்ணை அவள் எதிரிலேயே அழுத்தினார். மணி அடிக்கவில்லை.

"உங்க பேர்ல இருக்கு, உங்க வீடு இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா, நான் என்ன பாப்பாவா?" என்றாள் லோகேஸ்வரி.

அந்த வாரமே அவர் பெயரும் கேட்டின் படமும் வாட்ஸ்அப்பில் சுற்றின. ஆள் பிடித்து விற்கிறவன் என்று எழுதியிருந்தார்கள். முகம் தெரியாதவர்கள் போன் போட்டுத் தாயைப் பழித்தார்கள். கடன் கட்டாதவர் வீட்டில் வட்டிக்காரர்கள் செய்வதுபோல் யாரோ கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். இத்தனை வருடம் பெயர் மாற்றாத கடைக்காரர்கள் வரிசையாக வந்து, தங்கள் தளத்திலிருந்து அவர் பேரை எடுக்கச் சொன்னார்கள். நஜ்வா பொறுக்க மாட்டாமல், அவரைக் கேட்காமலே எல்லா விவரத்தையும் மறைத்துவிட்டாள்.

மறுநாளே லோகேஸ்வரி திரும்ப வந்தாள். இந்த முறை கத்தவில்லை. கைப்பேசியை கேட்டின் கம்பிகளுக்கு ஊடாக நீட்டினாள். அவர் பெயர் இருந்த இடத்தில், விவரத்தை மறைத்துக் கொடுக்கும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது.

"நேத்து இருந்திச்சு, இன்னைக்கு இல்ல. தப்பு செய்யாதவங்க ஏன் அழிக்கணும்?"

ஜபருல்லா உள்ளே போய் மகளிடம் மறுபடி திறந்துவிடச் சொன்னார்.

"அத்தா, அடுத்த தடவ சாயத்தோட விட்டுடுவாங்கன்னு நினைக்கிறீங்களா?" என்றாள் நஜ்வா.

"அவங்க பையனத் தேடுறதுக்கு அந்தம்மா கையில வேற பேர் இல்லம்மா."

நஜ்வா திறந்துவிட்டதும், லோகேஸ்வரியைத் தன் காரிலேயே போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து, எங்கே போகிறோம் என்று வழிநெடுகப் போனில் தன் தம்பிக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். யார் மேல் புகார் என்று போலீஸ்காரர் மலாயில் கேட்டதும், அவள் இவரைத் திரும்பிப் பார்த்தாள். ஜபருல்லா தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். ஹஸ்ருல் என்ற பெயரையும் சொன்னார். அவனுக்கு விலாசம் உண்டா, அட்டை எண் உண்டா என்று போலீஸ்காரர் கேட்டார். இல்லை. இருக்கிற ஒரே விலாசத்தை, ஜபருல்லாவுடையதை, எழுதிக்கொண்டார்கள். அவருடைய கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, உள் அறையில் உட்காரச் சொன்னார்கள்.

ஜபருல்லா உள்ளே போக எழுந்தபோது லோகேஸ்வரி கிட்டே வந்தாள். அதுவரை முறை வைத்துக் கூப்பிடாதவள், போலீஸ்காரர் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, உங்க பேரச் சொல்லல, எழுதின புகார வாபஸ் வாங்கிக்கிறேன். என் பையன் சாப்பிடுறானான்னு மட்டும் சொல்லுங்கண்ணே."

கதவருகே நின்ற போலீஸ்காரர் உள்ளே வரும்படி கையைக் காட்டினார். அவள் ஜபருல்லாவின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை.