வேடிக்கை பார்த்த காக்கிச் சட்டை

மக்களே, அன்றைக்கு நம் வண்டியைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். நேரில் உட்கார்த்திவைத்துச் சொல்லத்தான் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தால் பேச்சு வேறு எங்கேயோ போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் எழுத்தில் பிழை இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பேய்க்கதை என்றால் உயிர் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லை தாண்டி இந்த ஊருக்கு வந்து கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் ஆட்டோவைப் போட்டபோது மலையாளம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. அப்போது ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. வரிசையில் கடைசியாக நிற்கும் வண்டிக்காரன்தான் வாரப் பத்திரிகையில் வரும் மந்திரவாதத் தொடரை உரக்க வாசிக்க வேண்டும். அவனுக்குத்தான் சவாரி வர நேரம் ஆகும். நாங்கள் அவன் வண்டியைச் சுற்றி நின்று கேட்போம். வெள்ளைச் சேலையில் வந்து சுண்ணாம்பு கேட்கும் யட்சி ஒருத்தனைப் பனைமரத்து உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போகும் இடத்தில் நமக்குச் சவாரி வந்துவிடும். தம்பானூர் போய் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி ஓடி வந்து, "தின்னாளா, விட்டாளா?" என்று கேட்போம். என் முறை வரும்போது மானம் போகக் கூடாதே என்றுதான் மலையாள எழுத்தைப் படித்தேன். நான் முதலில் எழுத்துக்கூட்டி வாசித்த வார்த்தை 'ரக்தம்'.

ஒருநாள் சாயங்காலம் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா வண்டியில் ஏறி, சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டதையும், நான் திரும்பியே பார்க்காமல் வண்டியை விரட்டியதையும், அந்த அம்மாவுக்கு வெற்றிலை போடும் பழக்கம் என்பது இறங்கும்போதுதான் தெரிந்ததையும் நான் உங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஸ்டாண்டில் இன்றும் என்னைப் பார்த்தால் "அண்ணா, சுண்ணாம்புண்டோ?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பத்திரிகை நின்று, கைக்குக் கை போன் வந்தது. வாசிக்கிறவன் வேண்டாமென்று ஆயிற்று. ஸ்டாண்ட் குரூப்பில் காலையில் கும்பிடும் கையோடு ஒரு படம் வரும். அதற்குப் பின்னால் எங்கேயோ லாரி கவிழ்ந்தது, எங்கேயோ ஒருத்தர் கிணற்றில் விழுந்தது என்று வீடியோக்கள் வரும். நான் எல்லாவற்றையும் பார்ப்பேன். டீ குடித்துக்கொண்டே பார்ப்பேன். 'ஐயோ' என்று சொல்லிக்கொண்டே அடுத்ததைத் தட்டுவேன்.

ஓணம் லீவில் நாம் மூன்று பேரும் பேய்ப் படத்துக்குக் கிளம்பியபோது உங்கள் அம்மை வாசலில் நின்று என்ன சொன்னாள்?

"ராத்திரி புறவாசலுக்குப் போவ மூணு பேருக்கும் பேடி. டிக்கெட்டு எடுத்து பேய பாக்கணும். அப்பனும் பிள்ளைகளும் ஒரே அச்சு."

படத்தில் அந்தப் பெண் கதவைத் திறக்கும்போது சின்னவன் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் என் விரல்களைத் தானே விலக்கி நடுவில் பார்த்தான். நான் சிரித்துவிட்டேன். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். என் வண்டி வரிசையில் முதலாவதாக நின்றது. நான் வெளியே நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிப்போவுக்குள் திரும்பிய பஸ் ஒன்று ஸ்கூட்டரை உரசியது. சத்தம் பெரிதாக இல்லை. தகர டப்பாவைக் காலால் மிதித்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தெறித்து ஓரமாக விழுந்து, தானே எழுந்தாள். ஓட்டிய ஆள் எழவில்லை. அவர் மனைவி அவள் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் ஓடினேன். உதவி செய்ய ஓடினேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. பார்க்க ஓடினேன். கூட்டம் சேருவதற்கு முன்னால் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டேன். கிடந்தவருக்கு என் வயது, என் உயரம். இடது கால் கிடந்த கோலத்தை நான் இங்கே எழுத மாட்டேன். யாரோ தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் காலின் மேல் போட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? துண்டு மறைக்காத பக்கமாக இரண்டு எட்டு நகர்ந்து நின்றேன்.

நெஞ்சு அடித்தது. தியேட்டரில் அந்தக் கதவு திறக்கும்போது அடித்த அதே அடி. அதை விடவும் கூசுகிற விஷயம் ஒன்று உண்டு. அங்கிருந்து நகர எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெண் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். நெற்றியில் இருந்து ரத்தம் வழிந்து ஒரு கண்ணை மூடியிருந்தது. இத்தனை முகங்களில் அவள் கண் என் சட்டையில் வந்து நின்றது. காக்கிச் சட்டை. நேராக என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அண்ணா, ஓட்டோ... ஒரு ஓட்டோ..."

நான் திரும்பி ரோட்டைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஓட்டோ! ஓட்டோ!"

சத்தியமாகச் சொல்கிறேன், நடிக்கவில்லை. என் வண்டி எனக்குப் பின்னால் இருபது அடியில் நிற்கிறது, சாவி அதிலேயே தொங்குகிறது. பதினாறு வருஷமாக ஓட்டுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு வண்டி இருக்கிறது என்பதே என் மண்டையில் இல்லை. படம் பார்க்கிறவனுக்குப் படத்துக்குள்ளே ஏது வண்டி?

"ஆம்புலன்ஸ் விளிச்சோ?" என்று ஒருத்தர் கேட்டார். "விளிச்சாச்சு, விளிச்சாச்சு" என்று நாலு பேர் சொன்னார்கள். எப்படி வரும்? போகிற வண்டியெல்லாம் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனது. பழவங்காடி வரை அடைத்துக்கொண்டது. பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவள் மறுபடியும் என்னையே பார்த்து "அண்ணா" என்றாள். நான் மறுபடியும் ரோட்டைப் பார்த்துக் கத்தினேன்.

கடைசியில் எங்கள் ஸ்டாண்டு ஆளே ஒருவர், சவாரி முடிந்து திரும்பியவர், வண்டியை நடு ரோட்டில் போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். ஒரு நொடி என்னைப் பார்த்தார், என் வண்டியைப் பார்த்தார். "காலைப் பிடிக்கடே!" என்றார். பிடித்தேன். தூக்கி அவர் வண்டியில் கிடத்தினோம். அந்தப் பெண் வண்டிக்குள் தரையில் குந்தி உட்கார்ந்து புருஷன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். ஸ்டாண்டுக்காரர் ஹெட்லைட்டைப் போட்டு, ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு போனார். நான் ரோட்டில் நின்றேன். அப்போதுதான் திரும்பி என் வண்டியைப் பார்த்தேன். அது வாயைத் திறந்துகொண்டு நிற்பது போலத் தெரிந்தது. என் வாழ்நாளில் எந்தப் பேயைக் கண்டும் நான் அப்படிப் பயந்ததில்லை.

வீட்டுக்கு வந்து நேரே குளிக்கப் போனேன். வெளியே வரும்போது நீங்கள் இரண்டு பேரும் போனில் குனிந்திருந்தீர்கள். சின்னவன்தான் முதலில் சொன்னான்.

"அப்பா, கிழக்கேகோட்டைல ஆக்சிடெண்டு. பாத்தீங்களா? சே, இதுல முழுசா காட்டல்ல. துண்ட போட்டு மூடிட்டானுவ."

நான் அவனைத் திட்டியிருக்க வேண்டும். எந்த வாயால் திட்டுவேன்? அவன் ஏமாந்தது போலத்தான் நானும் அங்கே ஏமாந்தேன். அவன் வீட்டில் உட்கார்ந்து விரலால் தள்ளிப் பார்த்தான். நான் காலால் நகர்ந்து பார்த்தேன்.

அதற்குள் மூத்தவளே, நீ வீடியோவைப் பின்னுக்குத் தள்ளி இன்னொரு தடவை ஓடவிட்டாய். என் சத்தம் கேட்டது. ஓட்டோ, ஓட்டோ. என் முதுகு தெரிந்தது. படத்தின் ஓரத்தில், நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்த இரண்டு பச்சைக்கிளிகளின் படம் ஒட்டிய நம் வண்டி தெரிந்தது.

"அப்பா, இது நம்ம வண்டில்லா?"

"ஆமா."

"காலியாத்தான நிக்கி?"

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அடிபட்ட ஆளை ஆட்டோவில் ஏற்றக் கூடாது, நீட்டிக் கிடத்த இடம் போதாது, ஆம்புலன்ஸ்தான் வர வேண்டும், ரூல் அப்படி என்று வரிசையாகச் சொன்னேன். நீ முழுக்கக் கேட்டாய்.

"மத்தியானம் நீங்க அதுலதான கிடந்து உறங்குவீங்க?" என்றாய்.

சண்டை போடுகிற குரல் இல்லை. தெரியாததைக் கேட்கிற குரல். பிறகு "செரிப்பா" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாய். நீ பிறந்ததிலிருந்து நான் சொன்னதை நம்பியவள். அன்றைக்கு நம்பவில்லை, ஆனால் நம்பியது போல விட்டுக்கொடுத்தாய். அப்பனுக்குப் பிள்ளை விட்டுக்கொடுக்கிற வயது உனக்கு வந்திருக்கக் கூடாது, இவ்வளவு சீக்கிரம்.

பயம் மனுஷனுக்கு ஏன் பிடிக்கிறது என்று பிறகு நிறைய யோசித்தேன். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். திரைக்குள் கதவைத் திறக்கும் பெண்ணை நம்மால் காப்பாற்ற முடியாது. 'திறக்காதே' என்று கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் நாம் நிம்மதியாகப் பயப்படுகிறோம். நம்மிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அது தப்பில்லை. இனியும் உங்களைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். ஆனால் நான் ரோட்டிலும் அதே சீட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். திரைக்குள் இருந்தவள் என்னைப் பார்த்து 'அண்ணா' என்றாள். அதற்கும் நான் அசையவில்லை.

மறுநாள் காலையில் அந்த ஸ்டாண்டுக்காரரிடம் கேட்டேன்.

"உயிருண்டு. காலு போயி" என்றார். டீயை ஊதிக் குடித்துவிட்டு, "டாக்டர் ஒந்நே சோதிச்சுள்ளூ. இத்ர நேரம் எவிடெயாயிருந்நு எந்நு" என்றார்.

இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். நீர் என்ன சொன்னீர் என்றேன்.

"பிளாக் எந்நு பறஞ்ஞு" என்றார். ரோடு அடைத்திருந்தது என்று சொன்னாராம். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

சீக்கிரம் கொண்டுபோயிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரிந்திருக்காது என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் சொல்ல முடிவதில்லை.

அந்த மறுநாள் சாயங்காலம் அதே நாலு மணிக்கு, கூப்பிட்ட சவாரியை வேண்டாமென்று சொல்லிவிட்டு, காலி வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தேன். ஹெட்லைட்டைப் போட்டேன். ஹாரன் அடிக்க எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது, அடிக்கவில்லை. ஆனாலும் பட்டப்பகலில் லைட்டைப் பார்த்துவிட்டு இரண்டு பஸ் ஒதுங்கி வழிவிட்டன. ஒரு டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி மற்றவர்களை நிறுத்தினார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி நேரத்தைப் பார்த்தேன். அந்த மனுஷன் ரோட்டில் கிடந்த நேரத்தில் நான் இரண்டு தடவை போய் வந்திருக்கலாம்.

உள்ளேயிருந்து ஓர் அட்டெண்டர் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ஓடி வந்தார். "ஆளெவிடே அண்ணா?" என்று குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன்.

"ஆளில்லை" என்று சொல்லிவிட்டு, லைட்டை அணைத்தேன்.