கரும்புத் தீவு வழியா பென்ரோஸ்

அப்ப நான் நியூசிலாந்துல, ஆக்லாந்துக்கு வடக்கே ஆல்பனியில ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் வீட்ல ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். அண்ணன் பென்ரோஸ்ல ஒரு வேர்ஹவுஸ்ல போர்க்லிஃப்ட் ஓட்டுறவரு. அங்கேயே பெட்டி அடுக்குற காஷுவல் வேலை எனக்கும் பிடிச்சுக் கொடுத்திருந்தாரு. அவர் சம்சாரம் மன்னார்க்காரங்க, நான் அக்கான்னு கூப்பிடுவேன். அவங்களுக்கு வேர்ஹவுஸுக்குப் பக்கத்துத் தெருவுல ஆபீஸ் வேலை. மூணு பேரும் ஒரே கார்லதான் போவோம்.

அந்த வாரம் சனிக்கிழமை தமிழ் விழாவுல பட்டிமன்றம். வெள்ளைக்காரன் ஆண்ட கரீபியன் கரும்புத் தீவுகள்ல அடிமைகளுக்கு விடுதலை வாங்கித் தந்தது சட்டமா, புரட்சியா? அண்ணன் சட்டம், அக்கா புரட்சி. நடுவர் நான். மதுரைக்காரிக்குப் பட்டிமன்றம் ரத்தத்துலயே ஓடும்னு எவனோ கமிட்டியில சொல்லி வச்சிருக்கான். நான் மேடை ஏறினதே ஓட்டப்பந்தயத்துக்குப் பரிசு வாங்கத்தான்.

ஒத்திகை எல்லாம் கார்லதான். காலங்கார்த்தால தூக்கம்கூட கலையாம பின் சீட்டுல நான் உக்காந்திருப்பேன், முன்னாடி கரும்புத் தோட்டம் பத்தி எரியும். அண்ணன் ஒரு பாயின்ட் சொன்னா அதுக்கு ஒரு கை வேணும் அவருக்கு. ஸ்டியரிங்ல இருக்குற கையைத்தான் எடுப்பாரு. துறைமுகப் பாலத்து மேல போகும்போது நான் கடலைப் பார்த்ததே இல்லை, அவர் கையைத்தான் பார்ப்பேன்.

அன்னைக்குன்னு பார்த்து எட்டு மணிக்கு மேனேஜர் என்னை வரச் சொல்லியிருந்தாரு. ஒரே ஒரு பெர்மனென்ட் வேலை இருந்துச்சு, அதுக்கு இன்டர்வியூ. அது கிடைச்சாத்தான் எனக்கு விசா நீளும். இல்லைன்னா மூட்டையைக் கட்டிட்டு மதுரைக்குப் போக வேண்டியதுதான். நான் மனசுக்குள்ள இங்கிலீஷ்ல பதில் சொல்லிப் பார்த்துட்டிருக்கேன், இவங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சுட்டாங்க.

ஆலையைக் கொளுத்திட்டா மறுநாள் அடிமை எங்க போய் வேலை செய்வான்னு அண்ணன் கேட்டாரு. கூலியே இல்லாத வேலை போனா என்ன குறைஞ்சுடும்னு அக்கா திருப்பிக் கேட்டாங்க. சட்டம் மெல்லத்தான் வரும், ஆனா நிலைக்கும்னாரு. மெல்ல மெல்லன்னு சொல்றவன் முதுகுல சாட்டை விழலை, அதான் அவனுக்கு அவசரம் இல்லைன்னாங்க. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் அண்ணன் குரல் மாறிப்போச்சு.

"கொளுத்திறது லேசு. நான் எரிஞ்ச ஊரிலை இருந்து நடந்து வந்தவன். அடுத்த நாள் ஒருத்தருக்கும் சோறில்லை."

"நானும் அதே றோட்டாலதான் நடந்து வந்தனான்," அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. "அதுக்கு முந்தி அத்தினை வருசமா மனுக் குடுத்து என்னத்தைக் கண்டனாங்கள்?"

அதோட கார்ல பேச்சு நின்னுபோச்சு. ரெண்டு பேரும் பார்த்தது ஒரே நெருப்புதான். அத்தனை நாள் சண்டையில ஒரு தடவைகூட வழி தவறாத மனுஷன், அன்னைக்கு அந்த அமைதியில பென்ரோஸ் எக்ஸிட்டை விட்டுட்டாரு. நானும் கவனிக்கலை. தெற்கே எங்கேயோ இருக்குற புக்கெகோஹி ஊருக்குப் போற வழின்னு போர்டு வந்தப்பதான் எனக்குப் பகீர்னுச்சு.

திரும்பி வர்ற பக்கம் ஆக்லாந்தே வேலைக்குப் போயிட்டிருக்கு. கார் நகரவே இல்லை. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அடிமையும் வேணாம், கரும்பும் வேணாம், என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்களேன்னு கத்தினேன். புரட்சிக்கார அக்காதான், மேனேஜர்கிட்ட வாய் காட்டாதே, பணிவா ஸாரி சொல்லு, மெல்லமா எல்லாம் சரிவரும்னாங்க. அடிப்பாவி அக்கான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

அக்காவை அவங்க ஆபீஸ்ல இறக்கிவிட்டுட்டு நாங்க போய்ச் சேர்ந்தப்ப ஒன்பதரை. மேனேஜர் ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு. என் நேரம் முடிஞ்சுபோச்சாம், அடுத்த வாய்ப்பு வரும்போது பார்க்கலாமாம். அக்கா சொல்லித்தந்த மாதிரியே ஸாரி சொன்னேன். மேல ஒரு வார்த்தை பேசினா அழுதுடுவேன்னு சிரிச்சுக்கிட்டே நின்னேன்.

அப்ப அண்ணன் உள்ள வந்தாரு. போர்க்லிஃப்ட் சாவியை எடுத்து மேனேஜர் மேசையில வச்சாரு. தப்பு தன்னோடது, இந்தப் பிள்ளையோட பேசி முடிக்கும்வரை வெளியில நிக்கிற கன்டெய்னர்ல ஒரு பெட்டிகூட இறங்காதுன்னு இங்கிலீஷ்ல சொன்னாரு. சத்தம் போடலை. கடைசியில ப்ளீஸ்கூட போட்டாரு. போர்க்லிஃப்ட் ஓட்டுற இன்னொரு ஆள் அன்னைக்கு லீவு. வெளியில லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். மேனேஜர் சாவியைப் பார்த்தாரு, அவரைப் பார்த்தாரு, என்னை உக்காரச் சொன்னாரு. மனப்பாடம் பண்ணினதை எல்லாம் மூச்சு விடாம ஒப்பிச்சேன். மத்தியானமே வேலை எனக்குத்தான்னு சொல்லிட்டாங்க.

ஓடிப்போய் அண்ணன்கிட்ட சொன்னேன். அவரும் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு வண்டியில ஏறியிருந்தாரு. சாவி உள்ள போகவே மாட்டேங்குது. நான்தான் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.

"தங்கச்சி, காலமை நடந்ததை அக்காவுக்குச் சொல்லிப்போடாதையும்," அப்படின்னாரு. "சனிக்கிழமை நான் தோத்துப்போவன்."

சனிக்கிழமை அண்ணன் மேடையில பொறுமையைப் பத்தி உருகி உருகிப் பேசினாரு. அக்கா அவரை வறுத்தெடுத்தாங்க. நியாயம் அக்கா பக்கம்தான்னு எனக்குத் தெரியும், மேசையில வச்ச அந்தச் சாவிக்குச் சாட்சியே நான்தான். எழுந்து நின்னு, சட்டமேன்னு தீர்ப்பு சொல்லிட்டேன்.

நடுவரை ஆரோ விலைக்கு வாங்கிப்போட்டாங்கள்னு அக்கா இன்னைக்கும் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்றாங்க. அண்ணன் தலையைத் தூக்காம தேத்தண்ணி குடிப்பாரு.