ஆள் வராத பெட்டி

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிவிட்டிருந்த நாட்கள். குளச்சலில் ஒரு பஸ் கம்பெனியின் பார்சல் ஆபீசைக் கவனித்து வந்தேன். ஓராண்டாகியும் ஆள் வந்து எடுக்காத சாமான்களைத் தாலுகா கச்சேரிக்கு எழுதி அனுப்ப வேண்டும். பெட்டியானால் திறந்து, உள்ளிருப்பதையும் எண்ணி எழுத வேண்டும். எண்ணுவதில் எனக்குப் பிழை வராது. அந்த ஆபீசுக்குப் படி ஏழு, ஜன்னல் கம்பி பதினொன்று.

அந்த வருஷம் ஒரு தகரப்பெட்டி என்னைப் பாடாய்ப் படுத்தியது. கொழும்பில் வேலை பார்த்த கடியப்பட்டணத்துக்காரர் ஒருவர், தானே வந்து எடுத்துக்கொள்வதாகத் தன் பெயருக்கே அனுப்பியது. பெட்டி வந்தது, அவர் வரவில்லை. கடிதமும் இல்லை.

அவர் மனைவி சனிக்கிழமைதோறும் வந்து, முந்தானையால் பெட்டியைத் துடைத்துவிட்டுப் போவாள்.

"கண்ணு பட்டிரப் போவுது, ஏட்டி" என்பார் சுமை தூக்கும் கிழவர்.

"உம்ம கண்ணுதான் ஒரு வருசமா அதுமேல கெடக்கு."

அவளே எடுத்துப் போகலாம். ஆனால் உடையவர் இனி வரமாட்டார் என்று கையெழுத்திட்டுத் தரவேண்டும். ஐம்பத்தோராவது சனிக்கிழமை தாளை நீட்டினேன். தொடவில்லை.

"கச்சேரிக்குப் போனா ஏலத்துல விட்டுருவாவ, பாத்துக்க" என்றேன்.

"அவிய வரமாட்டாவன்னு நான் எப்பிடி ஐயா எழுதித் தர?"

அடுத்த வாரம் அவள் முன்னால்தான் திறந்தேன். வேட்டி நான்கு, சோப்பு ஆறு, கண்ணாடி ஒன்று, சின்னக் கவுன் இரண்டு. அடியில், முடிச்சுப் போட்ட ஒரு வலைநூல். மகளின் உயரத்தை அதில் அளந்துகொண்டு போயிருந்தாராம். அவள் நூலைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்தாள். முடிச்சு அவள் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றது.

"பிள்ள இப்ப என் இடுப்புக்கு வந்துட்டா" என்றாள்.

நூலுக்கு என்ன கணக்கு, நீயே வைத்துக்கொள் என்றேன். அவள் அதைச் சுருட்டிப் பெட்டிக்குள்ளேயே போட்டாள்.

"அவிய சாமான்லா. அதையும் எண்ணிக்கிடுங்க."

நூல் ஒன்று என்று எழுதினேன்.

பெட்டி போன பிறகு ஒரே ஒரு சனிக்கிழமை வந்தாள். அது இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வரவில்லை.

பட்டியலின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் வந்து கேட்டால் காட்ட வேண்டும். பதினான்கு உருப்படி.