வருத்தச் சீட்டின் பின்பக்கம்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கமா அக்கா. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை ஒரே ஒரு கமாவுக்காக நிறுத்தச் சொன்னவர் அவர். அந்தக் கமா இல்லாவிட்டால் கதையில் செத்தது மாமனாரா, பக்கத்து வீட்டுக்காரரா என்று தெரியாது என்றார். "யார் செத்தா என்னம்மா, எனக்கு நாலு கட்டு பேப்பர் போச்சு" என்று இயந்திரக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பெயர் வைத்ததும் அவர்தான்.

அது ஒரு மாத இதழ். டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் லேசாக ரப்பர் வாடை வரும். அக்காவுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. அதோடு, பிரசுரமாகாத கதைகளைத் திருப்பி அனுப்பும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஆசிரியர் கதையின் மூலையில் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தருவார். 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று அச்சடித்த சீட்டை அதோடு வைத்து உறையை ஒட்ட வேண்டும். அலுவலகத்தில் அதற்கு வருத்தச் சீட்டு என்று பெயர்.

அக்காவுக்கு அந்தச் சீட்டு புதிதல்ல. இருபத்து மூன்று வயதில் வேறொரு பத்திரிகைக்கு அனுப்பிய அவருடைய முதல் கதை அப்படியொரு சீட்டோடு திரும்பி வந்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தார். வெறும் வெள்ளை. நன்றாக இல்லை என்றாவது ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே என்று ஒரு வாரம் மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகும் எழுதினார். அனுப்பத்தான் கை வரவில்லை. அதனால், தன் கையால் போகும் சீட்டு எதுவும் வெறுமையாகப் போகக் கூடாது என்று, பின்பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். கீழே 'ஆசிரியருக்காக' என்று போடுவார்.

'உங்கள் கதை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. முதல் இரண்டு பக்கங்களும் நீங்கள் பேனாவை உதறிப் பார்த்தது.'

'அம்மா நான்கு இடத்தில் அழுகிறாள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றையும் நாங்கள் அழுதுகொள்கிறோம்.'

'உங்கள் ஆட்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பேசுகிறார்கள். ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டு பேசினால் பொய் சொல்வது கஷ்டம்.'

'முடித்த அன்றே தபாலில் போடாதீர்கள். பத்து நாள் கழித்து வாய்விட்டுப் படியுங்கள். எங்கே உங்களுக்கே சலிக்கிறதோ அங்கே வெட்டுங்கள்.'

இப்படி இருபத்து இரண்டு வருடம்.

அந்தச் சீட்டுகளைப் பெற்றவர்களில் ஒருத்தி, ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் துவைப்பவள். அவளுடைய முதல் கதையில் ஒரு பங்களா, ஒரு பியானோ, காதல் தோல்வியில் மெலிந்த ஒரு பணக்காரப் பெண். 'உறை மேல் உங்கள் முகவரி சலவைக்கூடம் என்றிருக்கிறது. பங்களாவை எங்கே பார்த்தீர்கள்? நீங்கள் தினம் நிற்கிற இடத்தை எழுதுங்கள்' என்று அக்கா எழுதினார். அடுத்த கதையில் சலவைக்கூடம் வந்தது, கூடவே ஒரு குடம் கண்ணீரும் வந்தது. 'ரத்தக்கறையைப் பார்த்து இரண்டு பக்கம் புலம்புகிறீர்கள். அந்தக் கறையை எப்படி எடுப்பீர்கள் என்று சொல்லுங்கள். புலம்பல் படிப்பவர்களுக்குத் தானாக வரும்.' ஒன்பது கதைகள் திரும்பிப் போயின. பத்தாவது கதையை ஆசிரியரின் மேசையில் தனியாக வைத்து, "சார், இதைப் படிச்சிட்டு அப்புறம் குறி போடுங்க" என்றார் அக்கா. அது அச்சாயிற்று. பிறகு பரிசு, இரண்டு புத்தகங்கள், மேடைகள். ஒரு பேட்டியில் அவள், "அந்தப் பத்திரிகைல இருந்து வந்த சீட்டுங்கதான் எனக்குப் பள்ளிக்கூடம்" என்று சொன்னாள்.

ஆசிரியர் அதைப் படித்தார். அடுத்த இதழிலேயே, நம் இதழிலிருந்து குறிப்பு பெற்றவர்கள் அதன் நகலை அனுப்பி வைக்கவும், புத்தகமாகத் தொகுக்கிறோம் என்று அறிவிப்பு வந்தது. நூற்று நாற்பது உறைகள் வந்தன. பிரித்து அடுக்கியது அக்காதான். தன் பென்சில் எழுத்துகளைப் பழைய சிநேகிதிகளைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிலர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்களாம். அந்த மூன்று வாரமும் அவர் நடையே மாறிப்போயிற்று. அண்ணன் வீட்டில்தான் அவருக்கு வாசம். அண்ணியிடம், "என் பேர்ல ஒரு புத்தகம் வரும்போல இருக்கு அண்ணி" என்றார்.

"வரட்டும், பார்க்கலாம்" என்றாள் அண்ணி, தட்டைக் கழுவியபடி.

புத்தகத்தின் மெய்ப்பு வந்தது. அட்டையில் ஆசிரியரின் பெயர், கன்னத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு புகைப்படம். முன்னுரையில், 'பணிச்சுமைக்கு நடுவே ஒவ்வொரு புதிய எழுத்தாளருக்கும் நானே பதில் எழுதுவேன்' என்றிருந்தது.

அக்கா தாள்களோடு உள்ளறைக்குப் போனார்.

"சார், இதெல்லாம் நான் எழுதினது."

"எழுதினது நீங்கதான், யார் இல்லன்னா? ஆனா கீழே என்ன போட்டிருக்கீங்க? ஆசிரியருக்காக. என் இடத்துல உக்காந்து எழுதினீங்க. சம்பளமும் வாங்கினீங்க."

"ஒரு ஓரத்துலயாவது என் பேரு..."

"நன்றியில போடறேம்மா. மெய்ப்புன்னு. வழக்கமா போடறதுதானே?"

அக்கா தன் மேசைக்குத் திரும்பினார். மூன்று நாள் அந்தப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தார். அறுபத்தோராம் பக்கத்தில், பதினேழு வருடத்துக்கு முன் அவரே அவசரத்தில் விட்ட ஒரு ஒற்றுப்பிழை இருந்தது. விட்டுவிடலாம். ஆசிரியரின் பெயரில்தானே நிற்கப்போகிறது? இரண்டு முறை அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனார். மூன்றாம் முறை கை கேட்கவில்லை, திருத்திவிட்டது. தன் கையின் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

வெளியீட்டு விழாவில் நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சலவைக்கூடத்துப் பெண் மேடையில் ஆசிரியரை என் குரு என்றாள். கைதட்டலில் அக்காவின் கையும் பழக்கத்தில் இரண்டு தட்டு தட்டியது. விழா முடிந்து, தேநீர்க் கோப்பைகள் வைத்திருந்த மேசை அருகே அவளைத் தனியாகப் பிடித்தார்.

"அந்தக் கறையை எப்படி எடுப்பீங்கன்னு எழுதச் சொன்னது நான்தாம்மா."

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தெரியும்க்கா. ஒரு தடவை ஆபீசுக்கு வந்தப்போ மேசைமேல உங்க கையெழுத்தைப் பார்த்தேன். அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா..."

"என் அடுத்த நாவலை அவர்தான் போடறார். நான் இன்னும் அந்தச் சலவைக்கூடத்துலதான் நிக்கிறேன். கோவிச்சுக்காதீங்க." அவள் அக்காவின் கையைப் பிடிக்க வந்தாள். அதற்குள் யாரோ படமெடுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

ஊரை ஏய்த்த ஆசிரியரைவிட இவள்மேல்தான் அக்காவுக்கு வயிறு எரிந்தது. மறுநாளிலிருந்து சீட்டின் பின்பக்கத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. கதை, சீட்டு, பசை, உறை. ஆறு மாதம் அப்படியே போயிற்று. ஆசிரியர் கவனிக்கவில்லை. கதைகளும் குறையவில்லை. தான் எழுதியதற்கும் எழுதாததற்கும் ஒரு வித்தியாசமும் இல்லையோ என்று தோன்றியபோது, அந்த ஆறு மாதத்தைவிட அது அதிகமாக வலித்தது.

பிறகு ஒரு உறை வந்தது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிப்ட் இயக்குபவர். அவருக்குப் போன வருத்தச் சீட்டையே திருப்பி அனுப்பியிருந்தார். அதன் வெள்ளைப் பக்கத்தில், 'இதற்கு முன் இரண்டு முறை எழுதியிருந்தீர்கள். இந்த முறை ஒன்றும் இல்லையே. கதை அவ்வளவு மோசமா ஐயா?' என்று கேட்டிருந்தார்.

அக்கா அந்தச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தனக்கு யாரோ செய்த எதை மன்னிக்க முடியாமல் இத்தனை வருடம் இருந்தாரோ, அதையே தானும் செய்திருக்கிறார். அந்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் சீட்டைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள்? அவர்களுடைய முகவரிகள்கூடக் கையில் இல்லை.

அன்றே பதில் எழுதினார். 'கதை மோசமில்லை. லிப்டில் ஏறுகிறவர்களை மேலிருந்து கீழாகப் பார்க்கிறீர்கள். பொத்தானை அழுத்துகிற கையிலிருந்து பாருங்கள்.' கீழே ஆசிரியருக்காக என்று போடவில்லை. தன் பெயரையும் அண்ணன் வீட்டு முகவரியையும் பேனாவால் எழுதினார். அதன்பின் எல்லாச் சீட்டிலும் அப்படித்தான்.

நான்கு மாதம் ஓடியது. லிப்ட்காரர் நன்றி மிகுதியில், அக்காவின் பெயரைச் சொல்லிப் பாராட்டி ஆசிரியருக்கே ஒரு கடிதம் போட்டார். நல்ல மனுஷன்தான், கெடுதல் நினைக்கவில்லை. ஆசிரியர் சத்தம் போடவில்லை. "நாளையிலிருந்து நீங்க சந்தாப் பிரிவைப் பாருங்கம்மா. கண்ணுக்கும் ஓய்வு" என்றார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அக்கா இதழ் உறைகளில் முகவரி ஒட்டினார். அவர் ஒட்டிய இதழ்களுக்குள் பிழைகள் மலிந்தன. யாரும் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

கதைகள் வீட்டுக்கு வந்தன. "தபால்காரர் நம்ம வீட்டுலயே குடியிருக்கலாம்" என்று அண்ணி முணுமுணுத்தாள். லிப்ட்காரரின் கதை ஒன்று எங்கோ அச்சானது. இன்னும் இரண்டு மூன்று பேருடையதும் வந்தது. பலர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். சலவைக்கூடத்துப் பெண் தன் நாவலை அனுப்பியிருந்தாள், கையெழுத்துப் போட்டு. அக்கா அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார்.

ஐம்பத்தாறு வயதில் தன் கதை ஒன்றை ஒரு சின்னப் பத்திரிகைக்கு அனுப்பினார். போட்டார்கள். பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்து அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கண்ணீர் வந்தது.

அண்ணி அந்தக் கதையை மத்தியானம் படித்தாள்.

"இதுல வர்ற அண்ணி நான்தானே?"

"இல்ல அண்ணி."

"பொய் சொல்லாத."

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள், துணி மடித்துக்கொண்டே, "அந்தக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இழுவையா இருக்கு" என்றாள்.

அக்கா பத்திரிகையை எடுத்துப் படித்துப் பார்த்தார். இழுவைதான்.