தனியாளாக அளக்க ஒரு கருவி

ராஜபாளையத்தில் நான் தனியார் சர்வேயர். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை முக்காலியில் நிறுத்தி நான் பார்ப்பேன். அது குறிபார்க்கும் கண்ணாடி பொருத்திய கம்பை வரப்பு மூலையில் பிடித்து நிற்பவர் என் கணவர். அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதும் கம்பு பிடிக்க ஆள் இல்லை. கூலிக்கு வந்தவர் கம்பைச் சாய்த்தே பிடித்தார். அடுத்து வந்தவர் மில்லில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

தனியாகவே அளந்துவிடலாம் என்று கருவி தேடத் தொடங்கினேன். அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. செயற்கைக்கோளைப் பிடித்து அளக்கும் ஜி.பி.எஸ். ரோவர் போதும் என்பேன் காலையில். கம்பு போகும் பக்கமெல்லாம் தானே திரும்பிப் பார்க்கும் ரோபோ கருவிதான் வேண்டும் என்பேன் மாலையில்.

“ஏட்டி, ஏதாவது ஒண்ண முடிவு பண்ணு. எனக்குல்லா தல சுத்துது” என்றார் கணவர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வியாபாரி இரண்டையும் மைதானத்தில் வைத்துக் காட்டினார். இரண்டுமே அருமையாக வேலை செய்தன. எனக்குச் சந்தேகம்தான் கூடியது. “வத்திராயிருப்புல அண்ணன் தம்பிக்கு ஒரு தென்னந்தோப்பு பாகம் பிரிக்கணும். அங்க கொண்டு வாங்க” என்றேன். தயங்கினாலும் வந்தார். கணவரும் பிடிவாதமாக வந்து, கார்க் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்துகொண்டார்.

தென்னை ஓலைகளுக்கு அடியில் ரோவர் செயற்கைக்கோள் பிடிபடாமல் தவித்தது. ரோபோவை நிறுத்திவிட்டுக் கம்போடு நடந்தேன். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போனதும் அது என்னைத் தவறவிட்டது. இடமும் வலமும் தேடி, தம்பிக்காரர் நிறுத்தியிருந்த பைக்கின் பின்னால் மின்னிய சிவப்பு வில்லையைக் கம்பின் கண்ணாடி என்று பிடித்துக்கொண்டது. வியாபாரிக்கு முகம் வாடிவிட்டது.

“என் பைக்கையும் பாகம் பிரிக்கப் போறீகளோ?” என்றார் தம்பிக்காரர். அவரோடு பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணன்காரர் மறுபக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார்.

பைக்கை நகர்த்தச் சொல்லி மறுபடி நடந்தேன். இம்முறை கருவி என்னை விடவில்லை. எல்லை மூலையில் நான் நின்றபோது அண்ணன்காரர் மெல்லச் சொன்னார்: “நாங்க சண்ட போடுற கெணத்தடி மரம் அவனுக்கே இருக்கட்டும்மா. ஒரு வார்த்த எங்கிட்ட வந்து கேக்க மாட்டேங்கான்.”

இத்தனை வருஷம் நான் தூரத்தில் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சண்டையும் வருத்தமும் கம்பு நிற்கும் இடத்தில்தான் நடந்திருக்கின்றன.

காருக்கு வந்து கணவரிடம் கேட்டேன். “இம்புட்டையும் கேட்டுக்கிட்டா நின்னீங்க?”

“எல்லாத்தையும் உங்கிட்டச் சொன்னா நீ எங்க அளக்க?” என்றார்.

தம்பிக்காரரிடம் போய் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அவர் நேரே கிணற்றடிக்கு நடந்தார். அண்ணனும் போனார். என்ன பேசினார்களோ, அந்த மரத்தைப் பற்றி அதற்குப்பின் என்னிடம் யாரும் வாதாடவில்லை.

ரோபோவையே வாங்கினேன். ஆனால் மனசு அமைதியாகிவிடவில்லை. போன வாரம் தளவாய்புரத்தில் அளந்தபோது, ஆடு முட்டுமோ, யாராவது தூக்கிப் போய்விடுவார்களோ என்று முக்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பெண் தன் ஓரகத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். கம்பைச் சாயாமல் பிடித்துக்கொண்டு, ‘உம்’ கொட்டியபடி அடுத்த மூலைக்கு நடந்தேன்.