குறையை முதலில் சொன்னவள்

திருச்சியில் நான் ஆசிரியைப் பயிற்சி படித்த காலத்தில் விமர்சனப் பாடம் என்று ஒன்று இருந்தது. பயிற்சிக்கு வந்த ஒருத்தி பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாள். மற்றவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்போம். பிள்ளைகள் போன பிறகு, பாடம் நடத்தியவள் எழுந்து நின்று தன் குறைகளைத் தானே முதலில் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் வாயைத் திறக்கலாம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பதைவிட அது கொடுமை. அங்கேயாவது இருக்கிற குறையை மறைத்தால் போதும்.

முதல் தடவை என் முறை வந்தபோது, "கேள்வியைக் கேட்டுட்டு, பிள்ளைங்க வாயைத் திறக்கறதுக்குள்ள பதிலையும் நானே சொல்லிட்டேன்" என்றேன்.  நானே சொல்லிவிட்டதால் மற்றவர்களுக்குச் சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. அடுத்த பாடத்தில் கேள்வியைக் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் பதில் சொன்னார்கள். இவ்வளவுதானா விஷயம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

என்னோடு படித்த ஒருத்தி வேறு ரகம். அவள் முறை வந்தால், "நேரம் போதலைங்க" என்பாள். இன்னொரு நாள், "சாக்பீஸ் சரியா எழுதலைங்க." மற்றொரு நாள், "பிள்ளைங்க இன்னைக்கு அசந்து போயிருந்தாங்க." அவள் சொல்லும் குறைகளில் அவள் மட்டும் இருக்கவே மாட்டாள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். சிரிப்பதற்குப் பதிலாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. அடுத்த வருடம் அவளும் அதே பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். அவள் நாலாம் வகுப்பு, நான் ஐந்தாம் வகுப்பு. என் வீடு பாலக்கரையில். சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை அன்றைய பாடங்களை மனசுக்குள் திரும்ப நடத்திப் பார்ப்பேன். எந்த இடத்தில் பிள்ளைகள் கண் ஜன்னலுக்குப் போனது, யாரை இன்றைக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, எதற்காகக் கோபப்பட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வேன். பாலத்தின் மேல் காவிரிக் காற்று அடிக்கும்; மற்றவர்கள் கண்ணை மூடிச் சுகமாக இருப்பார்கள். நான் மட்டும் என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டு வருவேன்.

அதனால் பலன் இல்லை என்று சொன்னால் பொய். வலது பக்கம் உட்கார்ந்த பெண்களை நான் திரும்பியே பார்ப்பதில்லை என்று பஸ்ஸில்தான் கண்டுபிடித்தேன். மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். மக்கு என்று முந்தைய வகுப்புகளில் ஒதுக்கிவிட்ட பிள்ளைகள் என்னிடம் கணக்குப் போட்டார்கள். நான் நல்ல டீச்சர் ஆனேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அடக்கமாக இருந்து கண்டது போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் எங்கள் தலைமையாசிரியை ஓய்வு பெறும் காலம் நெருங்கியது. சர்வீஸ்படி அடுத்தது நான். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று வெறியே இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே கணக்கை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வைத்தால் என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இப்படித் தடுமாற மாட்டார்கள். தலைமையாசிரியை சொன்னால்தான் அது நடக்கும்.

அந்த வருடம் ஜூனில் வந்த பிள்ளைகளுக்கு வகுத்தலில் ஒரு கோளாறு இருந்தது. எண்ணூற்றுப் பதினாறை எட்டால் வகுக்கச் சொன்னால் பன்னிரண்டு என்று எழுதினார்கள். நடுவில் இருக்கிற ஒன்றில் எட்டு போகாதபோது விடையில் சைபர் போட வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. "போகலைன்னா அடுத்த எண்ணை இறக்கணும், அவ்வளவுதான்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். நாலாம் வகுப்பில் அவள் சொல்லிக்கொடுத்தது அது. நான் அடியிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். பாதி வழியில் இருந்தபோது ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். நேரே கரும்பலகைக்குப் போய், அதே மாதிரி ஒரு வகுத்தலை எழுதினார். பாதி வகுப்பு சைபரை விழுங்கியது. அவர் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் பள்ளியின் தாளாளர் அவளையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, நிதானமாகத்தான் கேட்டார்.

"என்னம்மா ஆச்சு? பிள்ளைங்க ஏன் இப்படித் தப்பா போட்டாங்க?"

நான் வாயைத் திறந்தேன். பத்து வருடப் பழக்கம் பேசியது. "ஜூன் முதல் வாரத்துலயே நான் கவனிச்சிருக்கணும் சார். ரெண்டு வாரம் தாமதமாத்தான் கண்டுபிடிச்சேன். அது என் குறைதான்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். அடுத்தது அவள் முறை. என் குறையை நான் சொல்லிவிட்டேன், அவள் தன்னுடையதைச் சொல்வாள், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். இத்தனை வருடம் அவளோடு பழகியும் அப்படி நம்பினேன் பாருங்கள்.

"என் வகுப்புல இருந்தவரைக்கும் எல்லாரும் நல்லாத்தான் சார் போட்டாங்க" என்றாள்.

அப்போதாவது நான் பேசியிருக்கலாம். சைபரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் தன் குறையைச் சொல்லி முடித்தவுடன் அடுத்தவள் மேல் பழி போடுவது அசிங்கம் என்று தோன்றியது. நின்றேன். தாளாளர் தலையை ஆட்டினார்.

வருடக் கடைசியில் அவளைத் தலைமையாசிரியை ஆக்கினார்கள். நான் போய்க் கேட்டேன். "நீங்களே ஒத்துக்கிட்டீங்களேம்மா, நான் என்ன செய்யட்டும்?" என்றார் தாளாளர். வீட்டில் என் கணவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "உன்னை யாரு அதையெல்லாம் சொல்லச் சொன்னா?" என்று ஒரே கேள்வி கேட்டார்.  வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

பதவிக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், மாதாமாதம் ஆசிரியைகள் கூடித் தங்கள் குறைகளைத் தாங்களே சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்ததுதான். இன்ஸ்பெக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்றாம். முதல் கூட்டத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்களே ஆரம்பிங்க டீச்சர். இதுல உங்களை அடிச்சுக்க ஆள் இல்லை."

எழுந்தேன். "என் வகுப்புல குறை எதுவும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் எழுந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். கூட்டம் சீக்கிரம் முடிந்தது, காப்பி வந்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வழக்கம்போல உட்கார்ந்தேன். அன்றைய பாடத்தை யோசிக்க மனசு வரவில்லை. ஒரு குறையைக் கண்டுபிடித்து நான் என்ன சம்பாதித்தேன் என்று வெறுப்பு வந்தது. மற்றவர்களைப் போலக் கண்ணை மூடிக்கொண்டேன். காவிரிக் காற்று நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாளும் மூடிக்கொண்டேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

மறு வருடம் பரீட்சை முடிந்து ரிசல்ட் சொன்ன அன்று ஒரு தாய் என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். வாழை மண்டியில் இலை அடுக்கும் வேலை செய்பவள். கையெல்லாம் வாழைக் கறை. அவள் மகள் கணக்கில் பெயிலாகி ஐந்தாம் வகுப்பிலேயே நின்றுவிட்டாள். அழுத முகத்தோடு அந்தப் பெண் தாயின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். பிள்ளைக்கு எங்க தட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க. லீவுல யாருகிட்டயாவது கேட்டுச் சொல்லித் தரச் சொல்றேன்."

நியாயமான கேள்வி. பழைய நாளாக இருந்தால் எந்தக் கணக்கில், எந்த வரியில் தட்டுகிறது என்று சொல்லியிருப்பேன். அதோடு, அதில் என் பங்கு எவ்வளவு என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். இப்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். வருடம் முழுக்க என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை. அவளுக்கு எது வரும், எது வராது என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"வீட்டுல உட்கார வச்சுப் படிக்க வைக்கணும்மா" என்றேன். "நீங்க கவனிக்கறதே இல்லை."

"ஆமாங்க டீச்சர், என் தப்புதான்" என்றாள் அந்தத் தாய். மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.